அழித்தவர் இடத்தில் என் பெயர்

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் திண்டுக்கல்லில் கல்யாணப் பந்தல் என்றால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோதும், யார் திறந்தாலும் திரையில் என் பெயர்தான் வரவேண்டும் என்றேன்.

"ஆளுக்கொரு லாகின் வைங்கய்யா. யார் என்ன செஞ்சாங்கன்னு தெரியும்" என்றார், சிஸ்டத்தைக் கவனிக்கும் ஸ்டெல்லா.

"எல்லாரும் நம்ம ஆளுகதாம்மா. முதலாளி ஒருத்தன், பேரும் ஒண்ணு" என்று சிரித்தேன். மகன், மருமகன், மேனேஜர் மூவருக்கும் என் பாஸ்வேர்டையே கொடுத்தேன்.

ஒருநாள் ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் அத்தனையும் காணாமல் போயின. நல்லவேளை, ஸ்டெல்லா பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டார்.

"கை தவறிப் போயிருக்குமாம்மா?"

"இல்லங்கய்யா. ஒண்ணொண்ணா தேடி அழிச்சிருக்காங்க."

கம்ப்யூட்டர் தானாகவே குறித்துவைக்கும் லாக்கைத் திறந்து காட்டினார். அழித்தவர் என்ற இடத்தில் வரிக்கு வரி என் பெயர். அந்த நேரத்தில் நான் பழனியில் மொட்டைக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூவரையும் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னயவே சந்தேகப்படுறீகளாப்பா?" என்று மகன் எழுந்து போனான்.

"உங்க பேருதான மாமா இருக்கு?" என்றார் மருமகன்.

மேனேஜர் அழுதுவிட்டார்.

இப்போது ஆளுக்கொரு லாகின் வந்துவிட்டது. துரோகம் செய்தவன் ஒருவன்தான், மற்ற இருவரும் என்னை ஏமாற்றவில்லை. ஆனால் அந்த இருவர் யார் என்று தெரியாததால், மூவரில் ஒருவரோடும் பழையபடி சேர்ந்து உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை.