இல்லாத இலையின் முன் சவரிமுத்து

காலையில் பொன்மலையிலிருந்து சவரிமுத்துவின் மகன் வந்து சொன்னார்: "அப்பா போயிட்டாங்க சார். தூக்கத்துலேயே." ஓவிய ஆசிரியர் சவரிமுத்துவோடு நம் பள்ளி நாடகங்களில் நடித்த நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் நாம் போட்ட நாடகங்களுக்கு எழுதிய வசனம் கிடையாது. கதைப்போக்கை மட்டும் பேசிவைத்துக்கொள்வோம். மேடையில் வாய்க்கு வந்ததுதான் வசனம். ஒருமுறை மூன்று பேர் மூன்று கதை நடித்தோம். கூட்டத்தில் பாதி எழுந்து போயிற்று. "இன்னொரு தடவை குழப்பினீங்கன்னா ஆண்டுவிழாவுல வெறும் பாட்டுக் கச்சேரிதான்" என்றார் தலைமையாசிரியர். சவரிமுத்து அன்று சாப்பிடவேயில்லை. நாடகம் அவருக்கு உயிர்.

அடுத்த ஆண்டு நாடகத்தில் நான் பெண்ணைப் பெற்றவன். பெண் தர மறுத்துவிட்டு, கடைசிக் காட்சியில்தான் இணங்க வேண்டும். சவரிமுத்து நுழைந்தார்.

"லால்குடியிலேருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வரேன் மச்சான். என் மவனுக்குப் பொண்ணு இல்லைன்னுட்டீங்களாமே, ஏன்?"

யார், எங்கிருந்து, எதற்கு என்பதெல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. நானோ விருந்தாளியிடம் சொல்லும் பழக்கத்தில், "முதல்ல கை நனைங்க, அப்புறம் பேசுவோம்" என்றுவிட்டேன்.

கூட்டம் ஆரவாரித்தது. சம்பந்தம் பேச வந்தவரைச் சாப்பிடச் சொன்னால் சம்மதம் என்றுதானே பொருள்! முதல் காட்சியிலேயே கதை முடிந்துபோயிற்று. தலைமையாசிரியர் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார்.

சவரிமுத்து நான் சொன்னதை மழுப்பவில்லை. இல்லாத இலையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "சம்மதம்னுட்டீங்க, சந்தோஷம். அப்ப நேத்து ஏன் மாட்டேன்னீங்க? அதைச் சொன்னாத்தான் இந்தக் கை நனையும்."

நாடகம் முழுவதும் அந்தக் கை நனையவில்லை. நானும் மழுப்பி மழுப்பிப் பார்த்தேன். "அட, சொல்லித் தொலைங்களேன்யா, மனுஷன் பசியோட இருக்காரு!" என்று முன்வரிசை அம்மாள் ஒருவர் கத்தினார். ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில், "என் பொண்ணும் போயிட்டா இந்த வீட்டுல யாருகூட மச்சான் பேசுவேன்?" என்றேன். அவர் மெல்லக் கையை நனைத்தார்.

தலைமையாசிரியர் மேடைக்கே வந்து, "அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார்.

சொதப்பிவிட்டேனே என்று நான் வருந்தியபோது சவரிமுத்து சிரித்தார். "தப்பாச் சொன்னாலும் தெளிவாச் சொன்னீங்க சார், நான் பிடிச்சுக்கிட்டேன். தெரியாதது ஒன்னு இருந்தா சனம் உட்காரும். எதுவுமே தெரியலைன்னா எழுந்து போயிடும்."

நான் கணக்கு வாத்தியார். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டு நிற்கும் பையனைப் பார்த்து அதுவரை கத்திக்கொண்டிருந்தேன். பிறகு, "கூட்டியாச்சா, சரி. விடை ஏன் இவ்வளவு குட்டியா இருக்கு?" என்று கேட்கப் பழகினேன். பையன் யோசிப்பான், சாக்பீஸைக் கேட்டு வாங்கித் தானே திருத்துவான். சவரிமுத்துவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த 'ஏன்'. ஓய்வு பெற்ற நாளில் மற்றதையெல்லாம் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தேன். இதை மட்டும் கொண்டுவந்துவிட்டேன்.