சாமி மேடையில் இருந்த பாஸ்போர்ட்

என் கணவர் பினாங்கு ஜார்ஜ் டவுனில் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். இரண்டே நாற்காலி. ஒன்றில் அவர் வெட்டுவார். இன்னொன்றில், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர் வெட்டுவார். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மீசை பாதி நரைத்திருந்தது. நான் தினமும் மத்தியானம் இரண்டு பேருக்கும் சோறு கொண்டுபோய், பின்பக்கத் திரைக்குள் உட்கார்ந்துகொள்வேன். ஆட்கள் போன பிறகுதான் வெளியே வருவேன். ஆண்கள் பேசுகிற இடத்தில் நிற்க எனக்கு அப்போதும் கூச்சம், இப்போதும் கூச்சம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுதினால்தான் எனக்கு வாய் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

வெளிநாட்டு ஆட்களைப் பற்றிய வாக்குவாதத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் என் கொழுந்தனார்தான் ஆரம்பிப்பார். கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்கிற ஊரில் லாரி ஓட்டுகிறவர்.

ஒருநாள் கழுத்தெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்து கிடந்தபடியே சொன்னார்: "எங்க பார்த்தாலும் இவனுங்கதான்லா. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸுல நம்ம மூஞ்சி ஒண்ணு இருக்கா? பெர்மிட்டு உள்ளவன் இல்லாதவன் எல்லாரையும் ஒரே கப்பல்ல ஏத்தி அனுப்பணும்."

"தம்பி, கொஞ்சம் மெதுவா பேசு," என்றார் என் கணவர். "பெர்மிட்டு கையிலதான் கத்தி இருக்கு."

கடையே சிரித்தது. மன்னார்குடிக்காரரும் சிரித்தார். கத்தி மட்டும் அசையவில்லை. "தாடை ஆடுனா வெட்டுப்படும்ண்ணே. ஷேவிங் முடியட்டும், அப்பறமா என்னைய ஏத்துங்க."

"ஒன்ன சொல்லலப்பா. ஒன்ன அனுப்பிட்டா எனக்கு யாரு செரைக்கிறது?"

எப்போதும் அப்படித்தான் முடியும். எல்லாரும் போகவேண்டும், தனக்குத் தெரிந்த ஒருவர் மட்டும் இருக்கவேண்டும்.

என் மகன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் வேறு மாதிரி பேசுவான். "கொறஞ்ச சம்பளத்துக்கு ஆளு கெடச்சிக்கிட்டே இருந்தா எங்களுக்கு ஏன்பா ஏத்துவான்?" அதற்கு அவன் அப்பா, "நீ வந்து இந்தக் கத்தியப் புடி, நான் நாளைக்கே அவர அனுப்பிடறேன்," என்பார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. திரைக்குப் பின்னால் இருக்கிறவளிடம் யார் கேட்டார்கள்?

அந்த நாளில் முடிவெட்டும் கடைகளுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்க அனுமதி இல்லை. ஏற்கெனவே வந்தவருக்கு மட்டும் வருஷா வருஷம் பெர்மிட்டைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு தடவை தேதி தவறினால் அவ்வளவுதான். பெர்மிட் ஒட்டியிருந்த அவருடைய பாஸ்போர்ட்டை என் கணவர் எங்கள் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். "அவருகிட்ட இருந்தா தொலைஞ்சிடும்," என்பார். தேதி நெருங்கும்போது அதை எடுத்து, சாமி மேடையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, விபூதி போட்டு, ஐந்தாறு நாள் கழித்துப் பெர்மிட் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கொண்டுபோவார். எனக்கும் அது நல்ல வழக்கமாகத்தான் தெரிந்தது. அது இன்னொரு மனிதனின் பொருள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த வருஷமும் ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தார். நான் விளக்குத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "திங்கக்கெழம போறேன்," என்றார். சனிக்கிழமை காலையில் கடைக்குப் புறப்பட்டுச் சப்பாத்து மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது.

என் நாத்தனார் வந்ததும் முதல் வேலையாகச் சாமி மேடையை வெள்ளைத் துணியால் மூடினார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து வீடு கழுவும் வரை விளக்கும் கிடையாது, யாரும் தொடவும் கூடாது. தீட்டு வீட்டின் வழக்கம் அது.

மன்னார்குடிக்காரர் தினமும் வந்தார். நாற்காலி போட்டார், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், செருப்புகளை ஓரமாக அடுக்கினார். என்னைப் பார்த்தால், "ஒரு வாய் சாப்பிட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்பார். முதலாளி பாஸ்போர்ட்டை ஏற்கெனவே அலுவலகத்தில் கொடுத்துவிட்டார் என்று அவர் நினைத்திருக்கிறார். துக்கத்தில் இருக்கிறவளிடம் போய்ப் பெர்மிட் கேட்க மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது. துணிக்குப் பின்னால் பாஸ்போர்ட் இருக்கிறது. பக்கத்திலேயே நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியைக் கொஞ்சம் தூக்குங்கள் என்று எந்த வாயால் கேட்பது? புருஷன் போய் ஒன்பது நாள்கூட முழுசாக ஆகவில்லை, இவளுக்குக் கடைக் கவலை வந்துவிட்டது என்று சொல்லமாட்டார்களா? மகனிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு சின்னப் புத்தகம்தானே, இன்னும் ஏழு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அரிசியை உலையில் போட்டேன்.

பதினாறாம் நாள் கடற்கரையில் என் மகனுக்கு மொட்டை அடித்தவரும் அவர்தான். அலை காலை நனைக்க, மண்டியிட்டு நின்று, ஒரு கீறல் இல்லாமல் மழித்தார். மழித்து முடித்ததும் எங்களுக்கு முதுகைக் காட்டி, வெகுநேரம் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் துணியை எடுத்தோம். முருகன் காலடியில் பாஸ்போர்ட் இருந்தது. மகன் விபூதியைத் தட்டிவிட்டுப் பிரித்துப் பார்த்தான்.

"அம்மா, பெர்மிட்டு முடிஞ்சி அஞ்சு நாளாச்சி."

எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் முடிந்திருக்கிறது. ஒன்பதாம் நாள் நான் வாயைத் திறந்திருந்தால், கையில் இன்னும் மூன்று நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் அதே வாக்குவாதம் என் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. மன்னார்குடிக்காரர் வாசல் பக்கம் நின்றிருந்தார். எல்லாரையும் கப்பலில் ஏற்றச் சொன்ன கொழுந்தனார்தான் முதலில் பேசினார். "பேசாம கடையத் தொறந்து வேலை செய்யட்டும் அண்ணி. நம்ம ஆளு. யாரு வந்து பார்க்கப் போறா? இப்படி எத்தன பேரு இருக்கான்."

"புடிச்சா?" என்றான் மகன். அவன் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. "கைவிலங்கு மாட்டுவான் சித்தப்பா. கேம்ப்ல போடுவான். நம்ம மேலயும் கேஸு."

"அப்ப ஒங்கப்பாகிட்ட ஆறு வருஷம் வேல செஞ்சவர நீயே புடிச்சிக் குடுக்கப் போறியா?"

"நான் அப்படிச் சொல்லலயே."

வாசலில் நின்றவர் மெதுவாகப் பேசினார். "சண்ட போடாதீங்கண்ணே. சைரன் சத்தம் கேக்கறப்பல்லாம் கொல்லப்பக்கம் ஓடி ஒளியற பொழப்பு எனக்கு வேணாம். ஊருல வீட்டுக்குச் சுவரு எழுப்பிட்டேன். கூரைக்குத்தான் இன்னும் ரெண்டு வருஷம் இருந்துடலாம்னு நெனச்சேன்."

அந்த வீட்டை எனக்குத் தெரியும். கைப்பேசியில் காட்டியிருக்கிறார். நான்கு சுவர், ஜன்னலுக்கு இடம், மேலே வெறும் வானம்.

"நான் போய்ச் சொல்றேன்," என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"மூணு மாசம் நீ வாசல் தாண்டக்கூடாது," என்றார் நாத்தனார்.

"தெரியும் அக்கா," என்றேன். மறுநாள் காலையில் தாண்டினேன்.

குடிநுழைவு அலுவலகத்துக்கு மன்னார்குடிக்காரரும் கூட வந்தார். அங்கே முக்காடு போட்ட இளம் பெண் அதிகாரி இருந்தாள். மக்சிக் என்று அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று மலாயில் கேட்டாள். தீட்டு என்பதற்கு மலாயில் என்ன சொல்வது? என் மலாய் பசாரில் மீன் வாங்குகிற மலாய். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், வீட்டில் சாமியை மூடிவிட்டோம், புத்தகம் உள்ளே இருந்தது, தப்பு இவருடையது இல்லை, என்னுடையது என்று தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன். அவள் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் பேசிவிட்டு வந்தாள்.

பெர்மிட் முதலாளியின் பெயரில் இருக்கிறது, முதலாளி இல்லை, தேதியும் இல்லை, புதிதாகக் கொடுக்க வழியும் இல்லை என்றாள். முன்பே வந்திருந்தால் பெயரை மாற்றக் கேட்டுப் பார்த்திருக்கலாமாம். தானாக வந்து சொன்னதால் கைது இல்லை. இரண்டு வாரத்துக்குள் முறையாக ஊருக்குப் போக ஒரு தாள் கொடுத்தார்கள். அவள் கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

விமான நிலையத்துக்கு மகன் காரில் கொண்டுபோனான். இறங்கும்போது பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுத்தேன். ஆறு வருஷத்தில் அது அவர் கையில் தங்கியது அன்றுதான். பிரித்துப் படத்தைப் பார்த்தார். "இதுல மீசை எவ்வளவு கருப்பா இருக்கு பாருங்கம்மா," என்று சிரித்தார். என்னைக் குறை சொல்லி ஒரு சொல் சொல்லவில்லை. ஒன்பதாம் நாளைப் பற்றி நானும் அவரிடம் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடையை மூடிவிட்டோம். அவர் சுவருக்கு மேல் தகரம் போட்டுக் குடியிருக்கிறார். தீபாவளிக்குப் போன் பேசுவார். இங்கே வாக்குவாதம் மட்டும் ஓயவில்லை. எங்கள் அடுக்குமாடியின் கீழே உட்கார்ந்து, சட்டவிரோதமாக வந்தவன் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். அவர் சட்டப்படி விமானத்தில்தான் வந்தார். சட்டத்துக்கு வெளியே அவரை நிறுத்தியது என் வீட்டு வெள்ளைத் துணியும் என் வாயும்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர் இறந்துவிட்டார். இரண்டாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். வாசலில் அவர் கடைக்குப் பெர்மிட்டில் வந்த ஆட்கள் இரண்டு பேர், வந்தவர்களின் செருப்புகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு காதருகே கேட்டேன்.

"அந்த ரெண்டு பேரு பாஸ்போர்ட்டும் எங்கம்மா இருக்கு?"

பக்கத்தில் இருந்த பெண் கேட்டுவிட்டாள். "இது கேக்கற நேரமாக்கா?" என்றாள். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எழவில்லை.

"இப்பத்தான் கேக்கணும்," என்றேன்.

அந்த அம்மா அழுதுகொண்டே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தார்.