மூன்று முறை மேஜைக்கு வந்த பிளேயர்

எங்கள் சர்வீஸ் சென்டரில் ‘என்.எஃப்.எஃப்.’ என்று ஒரு முத்திரை உண்டு. நோ ஃபால்ட் ஃபவுண்ட், அதாவது குறை எதுவும் இல்லை. டெல்லி நேரு பிளேஸில் மியூசிக் பிளேயர்களைப் பழுது பார்க்க உட்கார்ந்த நாளிலிருந்து அதை எத்தனை தடவை குத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றை நினைத்து மட்டும் இன்னும் வெட்கப்படுகிறேன். அதைத் திருத்தியதில் எனக்குப் பெருமையும் உண்டு.

உள்ளங்கை அளவு பிளேயர் அது. வயர் கிடையாது, ப்ளூடூத் ஹெட்போன்தான். ஆன்லைன் சந்தா கட்டினால் வேண்டிய பாட்டுகளை வைஃபையில் இறக்கிக்கொண்டு, வருடம் முழுக்க நெட் இல்லாமலே கேட்கலாம் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தோம்.

ஜனக்புரியிலிருந்து செல்வி என்ற பெண் கோபமாக வந்தார். கணவர் ராணுவத்தில் ஹவில்தார், பனிமலையில் போஸ்டிங். போன தடவை அவர் விடுமுறையில் வந்தபோது, குறையில்லை என்று நான் திருப்பித் தந்த அதே பிளேயர்.

“இங்க பாடுதேன்னு குடுத்துட்டீங்க. அங்க போய் ஒம்பதாம் நாளே மறுபடி நின்னு போச்சு மேடம். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லுதாம். வருஷ சந்தா கட்டியிருக்கோம்!”

வழக்கம்போல வைஃபையில் இணைத்தேன். ஜோராகப் பாடியது. நான் முத்திரையை எடுத்ததும் அவர் குரல் உடைந்துவிட்டது.

“அங்க போன் எடுக்காதுக்கா. அதனால தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரு அங்க, நான் இங்க, ஒரே லிஸ்டைப் போட்டுக் கேப்போம். எங்களுக்கு அது பேசுற மாதிரி. அவரோடது நின்னது எனக்கு எப்படித் தெரியும்? மாசம் பூரா நான் மட்டும் தனியா கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். வெள்ளிக்கிழமை மறுபடி கிளம்புறாரு. இது வேணாம், வீண் சுமைங்கிறாரு.”

முத்திரையைக் கீழே வைத்தேன். அன்று திங்கள்கிழமை.

“வசந்தா ஜி, சல் தோ ரஹா ஹை! ஜல்தி க்ளோஸ் கரோ” என்றார் மேனேஜர் மல்ஹோத்ரா சார். பாடுகிறதே, சீக்கிரம் முடித்து அனுப்பு என்கிறார். எனக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது.

பனிமலையில் இருப்பது, இங்கே இல்லாதது என்றால் குளிர்தான். பிளேயரை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பான்ட்ரி ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் பட்டாணி பாக்கெட்டுக்கு அடியில் வைத்தேன். ஐஸ் எடுக்க வந்த மல்ஹோத்ரா சார் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் பேட்டரி அடியோடு இறங்கியிருந்தது. சார்ஜ் ஏற்றினேன், ஆனால் வைஃபையைத் தொடவில்லை. ஆன் செய்ததும் தேதி 1970 என்று காட்டியது. அத்தனை பாட்டிலும் பூட்டு.

குளிரில் பேட்டரி செத்ததும் பிளேயரின் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடுகிறது. அந்தத் தேதியில் சந்தா இல்லையே என்று பாட்டுகளைப் பூட்டிவிடுகிறது. நாங்களோ மேஜைக்கு எது வந்தாலும் முதலில் வைஃபையை இணைப்போம். இணைத்த நொடியில் தேதி சரியாகி, பூட்டும் திறந்துகொள்ளும். குறையை எங்கள் கையாலேயே அழித்துவிட்டு, குறை இல்லை என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை நொய்டாவில் சாஃப்ட்வேர் டீம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசியாகப் பார்த்த சரியான தேதியை பிளேயர் நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றிக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை மறுபடி பட்டாணிக்கு அடியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை, வைஃபை இல்லாமலே பாடியது. செல்வி ஓட்டமும் நடையுமாக வந்து வாங்கிப் போனார். அந்த மாடல் பிளேயர் எல்லாவற்றுக்கும் பிறகு அதே அப்டேட் போனது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வைஃபையைக் கடைசியில் இணையுங்கள். வாடிக்கையாளர் எப்படிப்பட்ட இடத்தில் வைத்துக் கேட்கிறாரோ, அப்படி வைத்துப் பார்க்கும்வரை முத்திரையைத் தொடாதீர்கள்.

அடுத்த விடுமுறையில் ஹவில்தாரே வந்து அந்த பிளேயரை மேஜையில் வைத்தார். ஆன் செய்து முதலில் தேதியைத்தான் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

“பாட்டுக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம். ஆறு மணி ஒரு நாள்கூட தப்பல. சார்ஜ் போடுற எடந்தான் லொடலொடன்னு ஆடுது.”

படிவத்தை எடுத்து என் கையாலேயே எழுதினேன். குறை: சார்ஜிங் போர்ட் தேய்மானம். காரணம்: ஒரு நாள் விடாமல் பாட்டு கேட்டது.