தோமாவைத் தடுக்காதவர்

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் வேதபாட வகுப்புக்கு ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் பணிக்கான வெள்ளைச் சேலையோடுதான் வருவார். நெட்டையானவர். பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து, இயேசு நல்ல மனிதர், ஆனால் தேவன் அல்ல என்று வாதாடினார். நிறையப் படித்தவர். வகுப்பை நடத்திய நான் வேதாகமத்தைப் புரட்டினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

நர்சம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "சார், வார்டுல பிழைச்சவங்க என்னைய தெய்வம்னு சொல்லிக் கும்பிட வருதாங்க. நான் பதறிப்போய்க் கையப் பிடிச்சுத் தடுத்துருதேன். சீடர் தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவப் பாத்து என் தேவனேன்னு சொன்னாருல்லா? இயேசு ஏன் அவரத் தடுக்கல? வெறும் நல்ல மனுசன்னா அத ஏத்துக்கிடுவாரா?"

பேராசிரியர் அந்தக் கேள்வியைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "இத நான் யோசிக்கணும்மா" என்றார்.

"பைய யோசிங்க சார். பதில் கிடைச்சா எனக்கும் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நர்சம்மா எழுந்து பணிக்குப் போய்விட்டார்.

அவ்வளவு உறுதியாகக் கேட்டவர், பதில் கிடைத்தால் தனக்கும் சொல்லும்படி எதற்காகக் கேட்டார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும், இதைச் சொல்லி, அந்த நர்சம்மா எங்கள் சபைக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளாமல் நான் திரும்பியதில்லை.