உடையாத கண்ணாடி

நான் வளர்ந்த வெள்ளைக்காரத் துரை பங்களாவில் இப்போது பள்ளி நடக்கிறது. மகளை எல்கேஜியில் சேர்க்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

அப்போது அங்கே அப்பாதான் வாட்ச்மேன். பின்கட்டில் எங்கள் குடித்தனம். யானை நுழையும் அளவுக்கு வளைவு வாசல்கள், முழங்கை நீளத்துக்குக் கனத்த சுவர்கள், அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்தரங்கள். கூடத்துச் சுவரில் விரிசல் விட்டபோது, கொத்தனார் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரு முனைகளையும் சிமெண்டால் பூசினார்.

"சுவரு அசைஞ்சா கண்ணாடி உடைஞ்சிடும்மா. அப்புறம் பங்களாவ இடிச்சிடுவாங்க, நாம கெளம்பணும்" என்றார் அப்பா.

தினமும் அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். ஒரு நாள் உடைந்து கிடந்தது. யாருக்கும் தெரியாமல் வேறு துண்டை ஒட்டினேன். சுவர் அசைந்தாலும் இனி உடையவே கூடாதென்று ஒரு முனையை மட்டும் ஒட்டி, மறுமுனையில் ஒப்புக்குச் சுண்ணாம்பைத் தடவினேன்.

"பழைய கட்டடம்னு பயப்படாதீங்கம்மா" என்று தலைமையாசிரியை அதே கூடத்துச் சுவரைக் காட்டினார். "இத்தினி வருஷமா அந்தக் கண்ணாடி அப்பிடியே இருக்குது."

அதன் அடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடம், மொதல்ல புள்ளைங்கள வெளிய கூட்டிக்கினு வாங்க" என்றேன்.