ஒரே ஒரு மாணவருக்கு இடம்

சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்துக் கதிரேசனுக்குச் சோறு போடுவது ஒரு காப்பீட்டு அலுவலகம். ஆனால் மனிதர் உயிரை விட்டதெல்லாம் வேறொன்றில். தமிழ் எழுத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எழுதிவருகிறார். நிரல் ஊருக்கே திறந்து கிடந்தது, யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம். ஒருவரும்தான் வந்தபாடில்லை.

இந்த ஆண்டு ஒரு வழி பிறந்தது. மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து இப்படிப்பட்ட மென்பொருள்களில் வேலை பழக்கும் திட்டம் ஒன்று, அவருக்கும் ஒரே ஒரு மாணவரைத் தருவதாகச் சொன்னது. இந்தத் துணையும் வாய்க்காவிட்டால் கடையைக் கட்டிவிடுவதாக மனைவியிடம் சொல்லிவைத்தார். அவளும் நல்லது என்றாள்.

தேக்கா உணவங்காடியில் தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, வரப்போகும் மாணவரை உடனிருந்து வழிநடத்த ஒப்புக்கொண்ட விசாலாட்சியோடு உட்கார்ந்தார். கடைசிவரை நின்றவை இரண்டு விண்ணப்பங்கள். ஆரபி என்ற மாணவி எழுதியது ஒன்றரைப் பக்கம். ‘எண் வாசிக்கும் பகுதி தவறு. தொலைபேசி எண்ணை ஒன்பது கோடியே பதினெட்டு லட்சம் என்கிறது. அதை நீக்கிவிட்டு வேறு எழுதியிருக்கிறேன், ஓட்டிப் பாருங்கள்.’ அந்தப் பகுதி கதிரேசனின் செல்லப்பிள்ளை. சுருக்கென்றது அவருக்கு.

ரித்திக்கோ இருபது பக்கத்துக்கு வண்ணப்படம் போட்டிருந்தான். ‘இந்தக் கட்டமைப்பின் நேர்த்தி என்னை வியக்கவைத்தது’ என்று தொடங்கியிருந்தான். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார் மனிதர்.

“அந்தப் பொண்ணு வேலையவே தொடங்கிட்டா லா. ஓட்டிப் பாத்தீங்களா?” என்றார் விசாலாட்சி.

“டைம் இல்ல. அதோட ஆரபி என் அண்ணன் மகளோட கிளாஸ்மேட். தெரிஞ்ச பிள்ளைக்குக் கொடுத்துட்டேன்னு நாளைக்குப் பேசுவாங்க. நம்ம ஃபேரா இருக்கணும் பாருங்க.”

நியாயமாம் நியாயம்! உச்சி குளிர்ந்துபோனதற்கு அப்படி ஒரு பெயர் வைத்துக்கொண்டார்.

ரித்திக்கைத் தேர்ந்தெடுத்துத் திட்டத்தாருக்குப் பெயரை அனுப்பினார். முடிவு வந்த அன்று பூன் லேயிலிருந்து பழைய நண்பர் ரவூப் அழைத்தார். அவரும் அதே திட்டத்தில் வேறொரு மென்பொருளை நடத்துபவர்.

“எங்களுக்கு ரித்திக்குன்னு ஒரு பையன் கிடைச்சிருக்கான் கதிரேசன். ரெண்டு மூணு இடத்துக்குப் போட்டிருந்தானாம், எங்களதுதான் வேணும்னுட்டான். என் கட்டமைப்போட நேர்த்தியப் பாத்து வியந்துட்டானாம்.”

கதிரேசன் திட்டத்தாரிடம் கேட்டுப் பார்த்தார். மாற்று ஆள் கேட்கும் கெடு முடிந்திருந்தது. வெட்கத்தை விட்டு ஆரபிக்கு எழுதினார், உதவித்தொகை இல்லாமல் சும்மாவேனும் வந்து சேரச் சொல்லி. பதில் மரியாதையாகத்தான் வந்தது: “சாரி அங்கிள், வேற புரோஜெக்ட்ல எடுத்துட்டாங்க. நான் அனுப்புனது அப்படியேதான் இருக்கு, எடுத்துக்குங்க.”

அப்போதுதான் அதைத் திறந்து ஓட்டிப் பார்த்தார். பிசகே இல்லை. தன் செல்லப்பிள்ளையைத் தன் கையாலேயே அழித்துவிட்டு அதைச் சேர்த்துக்கொண்டார்.

“பரவால்ல,” என்றார் விசாலாட்சியிடம், கடையைக் கட்டும் பேச்சை மறந்து. “அடுத்த வருஷம் ஆரபியவே எடுத்துக்கலாம்.”

“எடுத்துக்கலாம்,” என்றார் விசாலாட்சி. “அவ நம்மகிட்ட அப்ளை பண்ணணுமே லா.”