“ஊட்டுலயே ஆச்சுங்க” என்றவள்

என் மகள் வரலாறு எம்.ஏ. படித்தவள். எனக்கு பஸ் பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண்பிள்ளை அவள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில், எங்கள் தெரு ஆண்கள் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். மகள் வாத்தியார் வேலைக்குக் காத்திருந்த சமயம். தெருவில் யாரைக் கேட்டாலும் சாப்பிட்டாகிவிட்டது என்பார்கள். பசியைச் சொல்வது எங்கள் பக்கம் மானக்கேடு.

மகள் கோயிலுக்குப் பின்னால் கஞ்சி காய்ச்சினாள். ஒருவரும் வரவில்லை. படிக்கும்போது கிழவர்களிடம் பஞ்சகாலத்துக் கதைகளைக் கேட்டிருந்தாள். அப்போதெல்லாம் ஆளுக்கொரு பிடி தானியம் கொண்டுவந்து ஒரே பானையில் போட்டுக் குடித்தார்களாம். அதை யாரும் பிச்சையாக நினைக்கவில்லையாம். இங்கேயும் அப்படியே செய்தாள். ஒரு பிடி ராகியோ, ஒரு கொத்து கறிவேப்பிலையோ, எதுவானாலும் சரி என்றாள். தெரு வந்தது.

எதிர்வீட்டுக்காரியிடம் அதுவும் இல்லை. வேலை தேடித் திருப்பூருக்குப் போன புருஷன் திரும்பவில்லை. ஒரு குடம் சிறுவாணித் தண்ணீர் கொண்டுவந்து இறக்குவாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் கஞ்சி குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பாள்.

“உக்காரு அம்மணி. நின்னு நின்னு காலு வேர் உட்டுப்போடும்” என்று கேலி செய்வேன்.

“எனக்கு ஊட்டுலயே ஆச்சுங்க” என்று சிரிப்பாள்.

ஒருநாள் குழாயடியில் விழுந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பல நாளாக வயிற்றில் ஒன்றுமே இறங்கவில்லை என்றார் டாக்டர்.

“ஏனுங்கக்கா, அது நம்ம பானைதானுங்களே?” என்று மகள் அவளிடம் கேட்டாள்.

“ஒரு கொடம் தண்ணிக்கு மூணு வயிறே அதிகங் கண்ணு.”

மறுநாள் விடியும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளைச் சூலூரிலிருந்து தாய்மாமன் வந்து கூட்டிப் போனான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மகளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அதற்கப்புறம் யாரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். நேரே சமையல்கட்டுக்குள் நுழைந்து அடுப்பில் கை வைத்துப் பார்ப்பாள். சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள்.

பக்கத்துவீட்டுக்காரி என்னிடம் நியாயம் கேட்க வந்தாள். “இத்தனை படிச்ச புள்ள, கேக்காம அடுப்பு வரைக்கும் வரலாமுங்களா?”

“கேட்டா நெசத்தச் சொல்லோணும் அம்மணி” என்றேன்.

விருட்டென்று எழுந்து போய்விட்டாள். அன்று அவள் வீட்டு அடுப்பும் சில்லென்றுதான் இருந்தது என்றாள் மகள்.